'மாடரேட்' ஆட்டிசம்னா பாதி பிரச்சினையா? அந்த ஒரு வார்த்தையில் தவறிப்போகும் உதவிகள் என்னென்ன?

மருத்துவ அறிக்கையில் 'மாடரேட் ஆட்டிசம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பல பெற்றோருக்கு முதலில் வருவது ஒரு நிம்மதிப் பெருமூச்சு. "சிவியர் இல்லல்ல டாக்டர், நடுத்தரம்தானே? ஸ்கூல் போக ஆரம்பிச்சா சரியாகிடும்ல?" என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பாட்டி, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, உங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்பார். ஆறு மாதம் போகும். சில வீடுகளில் இரண்டு வருஷம் கூடப் போய்விடும்.

காரம் மிதம், மழை மிதம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நமக்கு அர்த்தம். மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் கிடையாது. அங்கே 'மாடரேட்' என்றால், இந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு நாளும், பல விஷயங்களில், இன்னொருவர் கூடவே இருந்து கணிசமாக உதவ வேண்டும் என்று பொருள்.

இந்த வகைப்பாடு எங்கிருந்து வந்தது? இந்தியாவில் இதை எப்படி அளக்கிறார்கள்? சட்டப்படி என்ன கிடைக்கும், நடைமுறையில் எது கிடைப்பதில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

லெவல் 1, 2, 3... யார் பிரித்தது?

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற கையேட்டில்தான் ஆட்டிசம் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை தனிப் பெயரோடு இருந்த ஆஸ்பெர்கர் போன்றவையும் ஒரே குடையின் கீழ் வந்தன. லெவல் 1-க்கு 'ஆதரவு தேவை'. லெவல் 2-க்கு 'கணிசமான ஆதரவு தேவை'. லெவல் 3-க்கு 'மிகக் கணிசமான ஆதரவு தேவை'. நம் ஊரில் டாக்டர்கள் பேச்சுவாக்கில் மாடரேட் என்று சொல்வது பெரும்பாலும் இந்த லெவல் 2-ஐத்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்று நிலைகளுமே 'எவ்வளவு உதவி தேவை' என்பதை வைத்துப் பெயரிடப்பட்டவை. குழந்தை எவ்வளவு புத்திசாலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உதவி தேவைப்படாத நிலை என்று அந்தப் பட்டியலில் எதுவுமே கிடையாது.

இன்னொன்று, நிலை ஒரே எண்ணாக வர வேண்டியதில்லை. மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் எவ்வளவு உதவி வேண்டும், திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களிலும் மாற்றங்களைத் தாங்குவதிலும் எவ்வளவு உதவி வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். ஒன்றில் லெவல் 2, மற்றதில் லெவல் 1 என்று இருக்கும் குழந்தைகள் உண்டு. நிலைகள் வயதோடும் சூழலோடும் மாறவும் செய்யும். லீவு நாளில் வீட்டில் அமைதியாக இருக்கும் அதே குழந்தை, ஐம்பது பேர் இருக்கும் வகுப்பறையில் காதைப் பொத்திக்கொண்டு அழும்.

நடைமுறையில் எப்படி இருக்கும்?

ஆறு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு நூறு, நூற்றைம்பது வார்த்தைகள் தெரியும். பசித்தால் "தோசை" என்பான், "அம்மா, பசிக்குது, தோசை சுட்டுத் தா" என்று சொல்ல மாட்டான். "தோசை வேணுமா?" என்று கேட்டால் அதே தொனியில் "தோசை வேணுமா" என்று திருப்பிச் சொல்வான். டிவி விளம்பரத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பான். ஆனால் வயிறு வலித்தால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். பார்ப்பவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரியும்.

பள்ளிக்குப் போகும் வழி மாறினால் நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவான். குக்கர் விசில், மிக்ஸி சத்தம், கல்யாண மண்டபத்து மேளம் எல்லாம் அவனுக்கு வெறும் சத்தமில்லை, உடம்பில் அடிபடுவது மாதிரி. வெள்ளைச் சாதம், தயிர், குறிப்பிட்ட ஒரு பிஸ்கட் தவிர வேறெதையும் வாயில் வைக்க மாட்டான். கதவு திறந்திருந்தால் வெளியே போய்விடுவான். தண்ணீரைக் கண்டால் அதை நோக்கி ஓடுவான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் விபத்து மரணங்களில் நீரில் மூழ்குவது முக்கியக் காரணம் என்பதை ஏரி, கிணறு, கடல் இருக்கும் ஊர்க்காரர்கள் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

இதுதான் 'மிதம்'. பிள்ளை நடக்கிறது, ஓடுகிறது, சில வார்த்தை பேசுகிறது, முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. அதனால்தான் பஸ்ஸில் அழுதால் "பிள்ளைய ஒழுங்கா வளர்க்கத் தெரியல" என்ற பேச்சு அம்மாவுக்கு வருகிறது.

அந்த அழுகைக்கும் அடம் பிடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அடம் பிடிக்கும் குழந்தை, நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். ஆட்டிசத்தில் 'மெல்ட்டவுன்' என்று சொல்லப்படுவது, மூளை தாங்க முடியாத அளவு சத்தமோ வெளிச்சமோ மாற்றமோ சேர்ந்து உடைந்துபோவது. அப்போது திட்டுவதும் கேள்வி கேட்பதும் எரியும் தீயில் எண்ணெய். சத்தம் குறைவான இடத்துக்குக் கூட்டிப்போய், பேச்சைக் குறைத்து, அடிபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் வழி.

இந்தியாவில் அளப்பது எப்படி?

இங்கே சான்றிதழுக்குப் பயன்படும் அளவுகோல் வேறு. 'ஐஎஸ்ஏஏ' எனப்படும் ஆட்டிசத்துக்கான இந்திய மதிப்பீட்டு அளவுகோல் அது. சமூக உறவு, உணர்வு வெளிப்பாடு, பேச்சு, நடத்தை, புலன்கள், அறிதிறன் என ஆறு பிரிவுகளில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது.

இந்த மதிப்பெண்ணைத்தான் ஊனத்தின் சதவீதமாக மாற்றுகிறார்கள். மிதமானது என்று வந்தாலே 70 சதவீதம் அல்லது அதற்கு மேல் கணக்காகிறது. 'நடுத்தரம்தானே' என்று நினைக்கும் பெற்றோர் இந்த எண்ணை ஒருமுறை பார்ப்பது நல்லது. சட்டம் சலுகைகளுக்குக் கேட்பது 40 சதவீதம்தான்.

ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. நிலைகளை உருவாக்கிய டிஎஸ்எம்-5 கையேடே, இவற்றை வைத்து யாருக்கு என்ன சேவை என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது. ஒவ்வொருவரின் தேவையையும் தனியாகப் பார்க்கச் சொல்கிறது. நம் நிர்வாகம் இயங்குவதோ சதவீதத்தை வைத்து. நன்றாகப் பழக்கப்படுத்தப்பட்ட குழந்தை மதிப்பீட்டு நாளில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் சதவீதம் குறையும் என்ற பயத்தில், "இன்னைக்கு மட்டும் அழுதுட்டா நல்லாருக்கும்" என்று நினைக்கும் நிலைக்கு அம்மாக்கள் தள்ளப்படுகிறார்கள். அளவுகோலின் குறை என்பதைவிட, அரை மணி நேரத்தில் ஒரு குழந்தையை எடைபோடச் சொல்லும் வரிசையின் குறை இது.

(பெயரிலும் சிக்கல் இருக்கிறது. தமிழக அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவர்களை 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. புற உலகத்தின் சத்தமும் வெளிச்சமும் அளவுக்கு மீறி உள்ளே நுழைவதால் தவிக்கும் குழந்தைக்கு வைத்த பெயர் அது!)

என்ன உதவி, எவ்வளவு?

முதலில் தகவல் தொடர்பு. 'பேச்சு வரணும்' என்பதே பெற்றோரின் ஒரே இலக்காக இருக்கும். பேச்சு வருவதற்கு முன்பே, தனக்கு வேண்டியதைத் தெரிவிக்க ஒரு வழி வேண்டும். அது படஅட்டையாக இருக்கலாம், கைச்சைகையாக இருக்கலாம், டேப்லெட்டாகவும் இருக்கலாம். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'அவாஸ்' செயலி இந்த வகைதான். படத்தைத் தொட்டால் வாக்கியமாகப் பேசும், தமிழிலும் இயங்கும். "படத்தைக் காட்டிப் பழகிட்டா அப்புறம் வாயே திறக்க மாட்டான்" என்ற பயம் பரவலாக உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட உதவிகள் பேச்சைத் தடுப்பதில்லை, சிலருக்குப் பேச்சு வரவும் துணை செய்கின்றன.

"வீட்டுல தமிழ் பேசாதீங்க, ஒரே மொழியா இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று சில இடங்களில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்கியதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. தாத்தா, பாட்டி, தெருப் பிள்ளைகள் எல்லோரும் தமிழ் பேசும் வீட்டில் குழந்தையை ஆங்கிலத்துக்குள் அடைத்தால், பேசிப் பழகக் கிடைக்கும் ஆட்களும் குறைந்துபோவார்கள்.

அடுத்து, பல் தேய்ப்பது, குளிப்பது, கழிப்பறை, உடை மாற்றுவது. ஒவ்வொரு வேலையையும் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து மாதக்கணக்கில் சொல்லித் தர வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், நடத்தைப் பயிற்சி தருபவர், சிறப்பாசிரியர் என்று பலர் தேவைப்படுவது இதனால்தான். தூக்கப் பிரச்சினை, மலச்சிக்கல், வலிப்பு ஆகியவையும் இவர்களிடம் அதிகம் காணப்படுவதால் குழந்தைநல மருத்துவரும் தொடர்ந்து பார்க்க வேண்டும். திடீரென நடத்தை மோசமானால் முதலில் பார்க்க வேண்டியது பல்வலியா, காதுவலியா என்பதை.

செலவு? ஓர் அமர்வுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, வாரம் ஐந்து அமர்வுக்கு மாதம் 12,000 ரூபாய். கூட்டிப்போய் வர ஒருவர் வேலையை விட வேண்டும். பெரும்பாலும் அது அம்மாதான். சின்ன ஊர்களில் பணம் இருந்தாலும் தெரபிஸ்ட் இல்லை.

இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களை வீடுகளுக்கு அனுப்பினார்கள். குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்போது காத்திருப்பது, எப்படிப் பதில் சொல்வது என்று பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர்-குழந்தை பழக்கத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் பெற்றோருக்கான பயிற்சித் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. தெரபி அறையில் 45 நிமிடம், வீட்டில் மீதி 23 மணி நேரம் என்ற கணக்கில் பார்த்தால், பெற்றோருக்குச் சொல்லித்தராத தெரபி மையம் பாதி வேலையைத்தான் செய்கிறது. கதவுக்கு வெளியே உட்கார வைத்து, "உள்ள வராதீங்க" என்று மட்டும் சொல்லும் மையமாக இருந்தால், ஏன் என்று கேட்கலாம்.

'குணப்படுத்துறோம்' என்று யாராவது சொன்னால்?

உஷாராக இருக்க வேண்டிய இடம் இது. ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் ஆகிய இரண்டு மருந்துகளுக்கு அமெரிக்காவில் அனுமதி உண்டு. அதுவும் கடுமையான எரிச்சல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றைக் குறைக்க மட்டும்.

லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் சிகிச்சை கொடுக்கும் இடங்கள் உண்டு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கப்படவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போவது பல வீடுகளில் இந்த மாதிரி வாக்குறுதியால்தான்.

தடுப்பூசிக் கதையும் அப்படித்தான். எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998-ல் எழுதிய கட்டுரையை லான்செட் இதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ட்ரம்ப், கர்ப்ப காலத்தில் பாராசிட்டமால் எடுப்பதை ஆட்டிசத்தோடு இணைத்துப் பேசியபோது, அப்படி உறுதியான தொடர்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் பதில் சொன்னது. ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2024-ல் வெளியான ஆய்வில், ஒரே வீட்டு உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோது தொடர்பு தெரியவில்லை. 'செல்போன் பார்த்ததால் வந்த விர்ச்சுவல் ஆட்டிசம்' என்பதும் அங்கீகரிக்கப்பட்ட நோயறிதல் கிடையாது. போனைக் குறைப்பது எல்லாக் குழந்தைக்கும் நல்லதுதான். அதற்காக மூன்று மாதம் போனை மறைத்துவைத்துவிட்டு மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவது நஷ்டம்.

சட்டம் என்ன தருகிறது?

1995-ம் ஆண்டு சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்றிதழ் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீடு, அரசு வேலையில் அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவுகளோடு சேர்த்து 1 சதவீத ஒதுக்கீடு. பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் எல்லாம் உண்டு.

மாவட்ட அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு சான்றிதழ் தரும். அதை வைத்துத்தான் யுடிஐடி அட்டை. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு, சில நூறு ரூபாய் கட்டணத்தில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. தெரபிச் செலவுக்கு அதற்குள்ளேயே தனி உச்சவரம்பு இருக்கிறது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு 80டிடி பிரிவில் 75,000 ரூபாய், ஊனம் 80 சதவீதத்தைத் தொட்டால் 1,25,000 ரூபாய் கழிவு. ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருந்தால் தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

மதிப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் மாவட்டங்களில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், சென்னை ஈசிஆரில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம், வேலூர் சிஎம்சி ஆகியவை தெரிந்த இடங்கள். உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' மையங்களும் திறக்கப்பட்டு வருகின்றன.

பள்ளிக்கூடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது

லேசான ஆட்டிசம் உள்ள பிள்ளையைச் சாதாரணப் பள்ளி எப்படியோ சேர்த்துக்கொள்ளும். தீவிரமானது என்றால் சிறப்புப் பள்ளியைக் கைகாட்டும். நடுவில் இருப்பவர்களை இரண்டுமே தள்ளிவிடும். "இவனுக்கு எங்ககிட்ட வசதி இல்ல, ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்று இவர்களும், "நல்லாத்தானே பேசுறான், நார்மல் ஸ்கூல்லயே போடுங்க" என்று அவர்களும் சொல்வார்கள். ஊனத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுப்பது சட்டப்படி தவறு. அதனால் யாரும் எழுத்தில் மறுப்பதில்லை!

சேர்த்துக்கொண்டாலும் சொல்லித்தர ஆள் வேண்டும். தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சுப்ரீம் கோர்ட் 2021 அக்டோபரில் சொன்னது. பணியிடங்களை அறிவிக்காத மாநிலங்களை 2025 மார்ச்சில் மறுபடியும் கண்டித்துக் கெடு விதித்தது. தமிழ்நாட்டில் சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்தில் இருந்துகொண்டு பல பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் அலைகிறார்கள். தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டம் நடத்தியும் வருகிறார்கள்.

அந்தச் சம்பளம் வரும் சமக்ர சிக்‌ஷா நிதிதான் மத்திய, மாநில அரசுகளின் மோதலில் சிக்கியது. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத விவகாரத்தில் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டு, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. மொழிக் கொள்கை பற்றி விவாதம் நடந்த அளவுக்கு, வாரம் ஒருமுறை வரும் அந்தப் பயிற்றுநர் பற்றி டிவி விவாதங்களில்கூடப் பேச்சு வரவில்லை. மிதமான ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் என்பது ஏற்கெனவே போதாது. தினமும் பக்கத்தில் ஒரு உதவியாளர், அன்றைய வகுப்புகளைப் படமாகக் காட்டும் அட்டவணை, சத்தம் தாங்காதபோது போய் உட்கார ஒரு மூலை, இவைதான் அவனை வகுப்பில் உட்கார வைக்கும். கடைசி இரண்டுக்கும் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அட்டை, பசை, ஒரு பாய் போதும்.

18 வயதுக்கு அப்புறம்?

குழந்தைக்கான திட்டங்கள் 18-ல் நின்றுவிடுகின்றன. ஆட்டிசம் நிற்பதில்லை. மாதவிடாய், உடல் மாற்றங்கள், யார் எங்கே தொடலாம் என்பதையெல்லாம் எட்டு, ஒன்பது வயதிலேயே படங்களோடு சொல்லித்தர ஆரம்பிக்க வேண்டும். நடந்ததைச் சொல்லத் தெரியாத குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு அதிகம் இலக்காகிறார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், 18 வயது முடிந்த நாளிலிருந்து அப்பா, அம்மா சட்டப்படி தானாகவே பாதுகாவலர் கிடையாது. வங்கிக் கணக்கு, சொத்து என்று வரும்போது இது முட்டுக்கட்டையாகும். 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு இருக்கிறது. அங்கே விண்ணப்பித்தால் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிப்பார்கள். பெற்றோரே ஆகலாம், அண்ணன், அக்கா ஆகலாம். பெற்றோருக்குப் பிறகு யார் என்பதை அந்த அண்ணனிடமும் அக்காவிடமும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பல வீடுகளில் அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை. விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். பிள்ளைக்கு 17 வயது ஆகும்போதே சான்றிதழையும் யுடிஐடி அட்டையையும் சரிபார்த்து வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.